மணியும் பரலும் மருத்துவச் சொல்லாக்கமும்

இலத்தீன் மொழியில் தானிய மணிக்குக் 'கிரானம்' என்று பெயர். மிகச் சிறிய மணியைக் 'கிரானுலம்' என்றனர். இந்த ஒரு சொல்லிலிருந்து ஐரோப்பிய மருத்துவர் பெருங்குடும்பம் ஒன்றையே பிறப்பித்துவிட்டனர். உயிரணுவினுள் காணப்படும் பொடிமணி 'கிரானியூல்' ஆயிற்று. அத்தகைய மணிகளையுடைய வெள்ளையணு 'கிரானுலோசைட்' ஆயிற்று. ஆறிவரும் புண்ணில் எழும் புதிய சதை 'கிரானுலேஷன்' எனப்பட்டது. காசநோயிலும் தொழுநோயிலும் உடலுக்குள் தோன்றும் ஒருவகை முடிச்சு 'கிரானுலோமா' எனப்பட்டது. தாய் ஒருத்தி, மக்கள் பலர்.

இச்சொற்களைத் தமிழாக்குவோரிடம் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. 'கிரானியூல்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்லைத் தேர்ந்து, அதனையே குடும்பத்தினர் அனைவர்க்கும் முன்னொட்டாகச் சூட்டிவிடுவது அவ்வழக்கம். பார்வைக்கு இஃது ஒழுங்கான முறையே. ஆயினும், சொல்லின் வேரை மட்டும் பார்த்து, சொல் சுட்டும் பொருளைப் பாராது விடுவதால் விளையும் பிழைகள் சிறியவை அல்ல. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வது பயன்தரும்.

நான்கு சொற்களின் எடை

'கிரானியூல்' என்பதற்கு இன்று அகராதிகளிலும் பாடநூல்களிலும் சிறுமணி, குறுமணி, துகள், குருணை என்னும் சொற்கள் வழங்குகின்றன. இவற்றோடு நாட்டு வேறுபாடும் சேர்கிறது. தமிழ்நாட்டு நூல்கள் 'செல்' என்றும் 'திசு' என்றும் எழுதுகின்றன. இலங்கை நூல்கள் 'கலம்' என்றும் 'இழையம்' என்றும் எழுதுகின்றன. இரத்த அணுக்களைச் செங்குழியம், வெண்குழியம் என்கின்றன. மலேசிய சிங்கப்பூர்த் தமிழரோ இரு கரை நூல்களையும் படிப்பவர். ஆகவே ஒரே பொருள் பல வேடங்களில் அவர்முன் வந்து நிற்கிறது.

இந்நான்கு சொற்களையும் எடைபோட்டுப் பார்ப்போம். குருணை என்பது குத்தும்போது உடைந்த அரிசி. வீட்டில் கோழிக்கு இறைப்பது. உரத்தையும் பூச்சிமருந்தையும் மணிமணியாகச் செய்து விற்கும்போது 'குருணை' என்பது மிகப் பொருத்தமே. தமிழ்நாட்டு வேளாண் வழக்கில் அது நிலைபெற்றும் விட்டது. ஆனால் உயிரணுவினுள் இருப்பது உடைந்த துண்டன்று. முழுமையாக உருவான உறுப்பு. துகள் என்பது தூசியையும் பொடியையும் குறிக்கும். அதனைப் பௌதிக நூலார் அணுவின் கூறுகளுக்கென எடுத்துக்கொண்டனர். 'சிறுமணி', 'குறுமணி' என்பன நல்ல சொற்களே. எனினும் 'மணி' என்பது தானியம், இரத்தினம், காலம், கோயில் மணி ஆகிய அனைத்தையும் சுமக்கும் சொல். 'சிறுமணி' என்றவுடன் மாணவன் கையால் ஆட்டும் மணியை நினைப்பானாயின் அவனைக் குறைகூற இயலாது.

சிலம்பும் பரலும்

முதலில் உயிரணுவினுள் இருக்கும் மணியைக் காண்போம். 1879ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பூசி உலர்த்தி, அனிலீன் சாயங்களை ஏற்றிப் பார்த்தார். வெள்ளையணுக்கள் தெளிவாகப் பிரிந்து நின்றன. சிலவற்றின் உள்மணிகள் 'இயோசின்' என்னும் அமிலச் சாயத்தை ஏற்றுச் செம்மஞ்சளாயின. சிலவற்றின் மணிகள் காரச் சாயத்தை ஏற்றுக் கருநீலமாயின. மற்றும் சில இரண்டிலும் ஆழ்ந்து தோயாது மங்கிய நிறமே கொண்டன. இயோசினோபில், பேசோபில், நியூட்ரோபில் என்னும் பெயர்கள் இவ்வாறு பிறந்தன. இன்று மருத்துவமனை தரும் முழு இரத்தச் சோதனைத் தாள்கள் பலவற்றில் இம்மூன்று பெயர்களும் உண்டு.

இம்மணிகள் திண்மையான பொடிகள் அல்ல. ஒவ்வொன்றும் மெல்லிய சவ்வால் சூழப்பட்ட பை. நியூட்ரோபிலின் பைகளில் நுண்கிருமிகளைக் கொல்லும் நொதிகள் உள்ளன. இயோசினோபிலின் பைகளில் குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளைத் தாக்கும் புரதங்கள் உள்ளன. வயிற்றில் புழுவுள்ள பிள்ளையின் இரத்தத்தில் இவ்வணு மிகுவது இதனாலேயே. பேசோபிலின் பைகளில் ஒவ்வாமைக்குக் காரணமான ஹிஸ்டமின் உள்ளது.

இதற்கு ஏற்ற சொல் தமிழில் இல்லையா? உண்டு. 'பரல்' என்பதே அது. சிலம்பினுள் இட்ட மணிக்குப் பரல் என்று பெயர். சிலப்பதிகாரத்தின் வழக்கே பரலைப் பற்றியதுதான். கண்ணகியின் சிலம்பும் கோப்பெருந்தேவியின் சிலம்பும் புறத்தோற்றத்தில் வேறுபாடு காண இயலாதவை. ஒன்றின் பரல் மாணிக்கம். மற்றொன்றின் பரல் முத்து. உள்ளிருந்த பரலே உண்மையைக் காட்டிற்று. எர்லிக் செய்ததும் இதுவே: வெளித்தோற்றத்தில் ஒத்த அணுக்களை உள்ளிருந்த பரலின் நிறங்கொண்டு பிரித்தார். ஒரு கூட்டினுள் அடங்கியிருப்பது, சிறிதாயிருப்பது, தன்னை உடையதற்கு அடையாளம் தருவது என்னும் மூன்று கருத்தும் பரல் என்ற ஒரு சொல்லில் அடங்கும். துகளில் இம்மூன்றில் ஒன்றே உண்டு.

எனவே 'கிரானுலோசைட்' என்பதைப் 'பரலணு' எனலாம். சொல் குறுகியது; ஒலி இனியது; இருபொருள் மயக்கம் மிகக் குறைவு. கணையத்தில் செரிமான நொதிகளையும் இன்சுலினையும் தாங்கிநிற்கும் உள்மணிகளையும், மேல்தோலின் ஓர் அடுக்கிலுள்ள உள்மணிகளையும் இதே சொல்லால் சுட்டலாம்.

இல்லாமை எது?

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் வெள்ளையணுக்களைத் 'துகள்களுடைய செல்கள்' என்றும் 'துகள்களற்ற செல்கள்' என்றும் இருவகையாக்குகின்றன. லிம்போசைட்டும் மோனோசைட்டும் இரண்டாம் வகையின. ஆங்கிலப் பெயரை நேரே பெயர்த்த வகையில் இதில் குற்றமில்லை. ஆனால் அந்த ஆங்கிலப் பெயரே அரைகுறை உண்மைதான். மோனோசைட்டிலும் நுண்ணிய பரல்கள் உண்டு. லிம்போசைட்டுகளிலேயே ஒரு பிரிவிற்குப் 'பெரும்பரல் லிம்போசைட்' என்று பொருள்படும் பெயரை மருத்துவர் இட்டுள்ளனர். 'அற்ற' என்று அறுதியிட்டுப் படித்த மாணவன் மேல்வகுப்பில் இதனைக் காணும்போது திகைப்பான். 'பரல் அருகிய அணு' என்றிருப்பின் இம்முரண் எழாது.

இதைவிடக் கொடிய மயக்கம் வேறொன்றுண்டு. 'அக்ரானுலோசைட்' என்பது பரல் அருகிய அணு. 'அக்ரானுலோசைட்டோசிஸ்' என்பதோ ஒரு நோய். முன்னதில் இல்லாதது பரல். பின்னதில் இல்லாதது பரலணுவே. இரத்தத்தில் நியூட்ரோபில்கள் அனேகமாக இல்லாமலே போய்விடும் அபாய நிலை அது. இரண்டு சொற்களும் ஒரே முன்னொட்டில் தொடங்குவதால், 'துகளற்ற செல் நோய்' என்பதுபோல் பெயர்த்துவிட்டால் பொருள் தலைகீழாகும். துகளற்ற செல்கள் பெருகிய நோய் என்றே படிப்பவர் கொள்வர்.

இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரக்கும் நோய்க்குக் கார்பிமசோல் என்னும் மருந்து தரப்படுகிறது. அதனை உட்கொள்வோரில் மிகச் சிலர்க்கு இந்நிலை உண்டாகலாம். ஆதலின் காய்ச்சலோ தொண்டைப் புண்ணோ கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லுமாறு அவர்கள் எச்சரிக்கப்படுகின்றனர். அவ்வெச்சரிக்கையைத் தமிழில் எழுதும்போது 'பரலணுக் குறைவு' என்று எழுதி, 'நோயை எதிர்க்கும் வெள்ளையணு குன்றிப்போதல்' என்று ஒரு வரி விளக்கமும் சேர்த்தால் பாட்டிக்கும் விளங்கும்.

அணுவே மணியாவது

மூன்றாவது மயக்கம் மூளையைப் பற்றியது. சிறுமூளைப் புறணியின் உட்பகுதியில் மிகச் சிறிய நரம்பணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட படலம் ஒன்றுண்டு. அவ்வணுக்களுக்கும் ஆங்கிலத்தில் 'கிரானியூல்' என்னும் அடைமொழியே வழங்குகிறது. இங்கே அணுவினுள் மணி இருப்பதாகப் பொருளில்லை. சாயமேற்றிப் பார்க்கையில் அணுவே மணிபோல் தோன்றுகிறது, அவ்வளவே. 2009ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கீட்டின்படி மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில் உள்ளன. அவற்றிலும் மிகப் பெரும்பாலானவை இந்த மணியணுக்களே.

மூளையின் பெரும்படையான இவற்றைத் 'துகள்களுடைய செல்' என்று இரத்த அணுவின் பெயராலேயே அழைப்பது எவ்வளவு பொருந்தாது! தமிழில் உடைமையும் உவமையும் வேறுவேறு தொகைகள் என்பதை இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. பரலை உடைய அணு பரலணு. மணி போன்ற அணு மணியணு. இரண்டையும் இரண்டு சொற்களால் பிரித்துவிடத் தமிழால் இயலும்போது, ஆங்கிலத்தில் நேர்ந்த மயக்கத்தை நாமும் வலிந்து சுமப்பானேன்?

புண்ணில் முளைக்கும் சதை

இனி, மக்கள் வாழ்வோடு மிக நெருங்கிய சொல்லுக்கு வருவோம். ஆழமான புண் ஆறத் தொடங்கும்போது அதன் அடியிலிருந்து சிவந்த, ஈரமான, பொடிப்பொடியாய்ப் புடைத்த சதை எழும்புகிறது. மேற்பரப்பு மணி பரப்பியதுபோல் இருப்பதால் ஐரோப்பியர் இதனைக் 'கிரானுலேஷன்' என்றனர். உருப்பெருக்கியில் பார்த்தால் இதில் மணி ஏதும் இல்லை. புதிதாகக் கிளைத்த நுண்ணிய இரத்தக் குழாய்களும், நார்ப்புரதம் நூற்கும் அணுக்களும், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களுமே உள்ளன. குழாய்கள் வளைந்து மேலெழும் இடமே கண்ணுக்கு மணியாகத் தெரிகிறது.

இதனைத் 'துகள் திசு' என்றோ 'குறுமணி இழையம்' என்றோ பெயர்ப்பது என்ன பயன் தரும்? துகள் என்றால் புண்ணில் தூசி படிந்துவிட்டதோ என்று நோயாளி அஞ்சலாம். இனிப்புநீர் நோயால் காலில் ஆறாத புண்ணுடையோர் இந்நாட்டுத் தமிழரிடையே பலர். அவர்களுடைய வீட்டாரே நாள்தோறும் புண்ணைக் கழுவிக் கட்டவும் நேர்கிறது. சிவந்து பொடித்த அந்தச் சதையை அழுக்கென்றோ கெட்ட சதையென்றோ எண்ணி அழுத்தித் துடைத்தால், உடல் அரும்பாடுபட்டுக் கட்டிய புதுச்சுவரை இடித்ததாகும். இரத்தம் கசியும், ஆறுதல் தடைப்படும். தாதி 'கிரானுலேஷன் நன்றாக இருக்கிறது' என்று சொல்வது நற்செய்தி. அந்நற்செய்தியைத் தீச்செய்தியாக்கும் மொழிபெயர்ப்பு நோயாளிக்குத் தீங்கே செய்யும்.

இவ்விடத்தில் அண்டை அயலாரின் வழியை நோக்குதல் தகும். மலாய்மொழி ஆங்கிலச் சொல்லையே ஒலிமாற்றித் 'திசு கிரானுலாசி' என்று எடுத்துக்கொண்டது. சீனரோ வேரைப் பாராது பொருளைப் பார்த்தனர். 'ரோ யா' என்பது அவர்கள் இட்ட பெயர். 'ரோ' என்றால் சதை. 'யா' என்றால் முளை. சதையின் முளை! இலத்தீன் மணியைக் கண்டது. சீனம் அம்மணி முளைப்பதைக் கண்டது. உண்மையில் அங்கே நிகழ்வது முளைத்தலே என்பதால், சீனரின் பெயரே உயிர்நூலுக்கு நெருக்கமானது.

தமிழர்க்கும் இத்தகைய கண் உண்டு. சீவிய பால்மரத்தில் புதுப்பட்டை வளர்வதையும், இலையுதிர்ந்த மரம் செந்நிறத் தளிர் விடுவதையும் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர் இங்குள்ளோர். செம்மை, மென்மை, ஈரம், எளிதில் கன்றும் தன்மை ஆகிய நான்கும் தளிருக்கு உரியவை. ஆறும் புண்ணின் புதுச்சதைக்கும் உரியவை. எனவே 'தளிர்ச்சதை' எனல் சாலப் பொருந்தும். 'தளிர்த்தசை' எனலாகாது, பள்ளி அறிவியலில் தசை என்பது கைகால்களை இயக்கும் உறுப்புக்கு உரியதாகிவிட்டது. 'புண்ணில் தளிர்ச்சதை எழுந்துள்ளது. மெல்லக் கழுவுக' என்று எழுதினால், சொல்லே எச்சரிக்கையையும் தாங்கி நிற்கும்.

இச்சதை சில வேளைகளில் அளவுகடந்து வளர்ந்து தோலின் மட்டத்திற்கு மேல் துருத்துவதுண்டு. பழைய வைத்திய வழக்கில் இத்தகைய வேண்டாத சதைக்குத் 'துன்மாமிசம்' என்னும் பெயர் உண்டு. ஆகவே நம் முன்னோர் ஆற்றும் சதையையும் இடையூறாகும் சதையையும் பிரித்தறிந்தே இருந்தனர். முன்னதற்குத் தளிர்ச்சதை என்றும் பின்னதற்கு மிகைச்சதை என்றும் இன்று வழங்கலாம். சதை வெளிறியோ கருத்தோ போவதும், சீழும் துர்நாற்றமும் தோன்றுவதும் நல்ல அறிகுறிகள் அல்ல. அப்போது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

முடிச்சைக் கட்டி என்னலாமா?

எஞ்சியிருப்பது 'கிரானுலோமா'. ஆறும் புண்ணின் சதையை ஒத்த கட்டி என்னும் கருத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பெயர் இது. இன்றைய மருத்துவத்தில் இதன் பொருள் வேறு. காசநோய்க் கிருமி, தொழுநோய்க் கிருமி போன்ற, எளிதில் அழிக்க இயலாத பகையைச் சூழ்ந்து, விழுங்கணுக்கள் ஒன்றுகூடி அமைக்கும் முற்றுகையே கிரானுலோமா. பல அணுக்கள் இணைந்து ஒன்றாகிய பேரணுக்களும் அதில் காணப்படும். 1868ஆம் ஆண்டில் தியோடர் லாங்ஹான்ஸ் விவரித்த பேரணு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. தொழுநோய்க் கிருமியை 1873இல் ஹான்சனும், காசநோய்க் கிருமியை 1882இல் கோக்கும் கண்டறிவதற்கு முன்பே இம்முடிச்சுகளை மருத்துவர் அறிந்திருந்தனர்.

'ஓமா' என்று முடியும் சொற்களுக்கெல்லாம் 'கட்டி' என்றோ 'புற்று' என்றோ ஈறு சேர்க்கும் போக்கு மொழிபெயர்ப்பாளரிடையே உண்டு. அவ்வாறாயின் கண்ணில் அழுத்தம் மிகும் 'குளோக்கோமா'வும், கண்ணிமையின் உட்புறம் சொரசொரப்பாகும் 'டிரக்கோமா'வும் கட்டிகளாகிவிடும்! டிரக்கோமாவைச் சீனர் 'மணற்கண்' என்று பொருள்படும் 'ஷா யென்' என்னும் பெயரால் அழைத்து, இப்பள்ளத்தில் விழாது தப்பினர். 'நுரையீரலில் கிரானுலோமா' என்ற அறிக்கையைக் 'குருணைக்கட்டி' என்று படித்துச் சொன்னால், கேட்பவர் புற்றுநோய் என்றே கலங்குவர். பெரும்பாலும் அது பழைய நோய்த்தொற்றின் வடுவாகவும் இருக்கலாம். 'அழற்சிமுடிச்சு' என்றால் அச்சமும் குறையும், உண்மையும் விளங்கும்.

ஐரோப்பியரே தம் சொல்லால் ஏமாந்ததற்கும் சான்றுண்டு. தோலிலும் ஈறிலும் விரைவில் வளர்ந்து, தொட்டால் குருதி பெருகும் ஒரு சிறு சிவப்புப் புடைப்புக்குப் 'பையோஜெனிக் கிரானுலோமா' என்று பெயர். சீழை உண்டாக்கும் கிரானுலோமா என்பது அதன் சொற்பொருள். அதில் சீழும் இல்லை, கிரானுலோமாவும் இல்லை. அது நுண்குழாய்களின் மிகைவளர்ச்சி மட்டுமே. இப்பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், இரண்டு பிழைகளை இறக்குமதி செய்து தமிழ்ப்பெயர் சூட்டிய பெருமையே மிஞ்சும்.

மறுப்பும் விடையும்

இங்கே ஒரு மறுப்பு எழும். ஆங்கிலத்தில் ஒரே வேரில் அமைந்த சொற்களைத் தமிழில் பரலணு, மணியணு, தளிர்ச்சதை, அழற்சிமுடிச்சு என்று சிதறடித்தால், பின்னர் மலாயிலும் ஆங்கிலத்திலும் படிக்கப்போகும் மாணவர்க்கு அவற்றின் உறவு தெரியாமற் போகாதா? நியாயமான வினா. இடைநிலைப்பள்ளி சென்றதும் அறிவியலைத் தமிழில் படிக்கும் வாய்ப்பு இந்நாட்டு மாணவர்க்கு இல்லை என்பதும் உண்மை.

ஆயினும் அவ்வுறவு ஒலியுறவே அன்றிப் பொருளுறவு அன்று. ஒலியுறவை அறிய வேண்டுவோர் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் உடன் எழுதிக் கற்கலாம். தமிழ்ச் சொல்லின் கடமை வேறு. அது பொருளைக் காட்ட வேண்டும். மேலும், இச்சொற்களை முதலில் வேண்டுவோர் மாணவர் அல்லர், நோயாளிகள். தோட்டப்புறங்களில் மருத்துவமனைத் தாளைப் பள்ளி ஆசிரியரிடம் காட்டிப் பொருள் கேட்பது நெடுநாளைய வழக்கம். அத்தாளைப் படித்துச் சொல்பவர் வாயில் சரியான சொல் இருப்பது கேட்பவரின் உடல்நலத்தோடு தொடர்புடையது.

மருத்துவத்தைத் தமிழில் சொல்ல இயலும் என்பது புதிதாக மெய்ப்பிக்க வேண்டிய செய்தியன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். 1867இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயர் 'இரணவைத்தியம்'. 1875இல் வெளிவந்த நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. முன்னதில் மக்கள் அறிந்த சொல்லை எடுத்தாண்டார். பின்னதில் ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு இசைவித்தார். எந்த இடத்தில் எந்த வழி என்பதை ஒரே விதியால் முடிவுசெய்யவில்லை. இன்றைய சொல்லாக்கத்தார் அவரிடம் கற்க வேண்டியது இவ்விணக்கமே. நியூட்ரோபில், இயோசினோபில் போன்ற பெயர்களை ஒலிபெயர்த்தே வைத்துக்கொள்வதில் தமிழுக்கு இழுக்கில்லை. சோதனைத் தாளில் அச்சொற்களே இருக்கின்றன. பொருள் விளங்காவிடில் தீங்கு நேரும் இடங்களில் மட்டும் தமிழ் தன் கண்ணால் பார்த்துப் பெயரிட வேண்டும்.

தொகுத்துச் சொல்வதாயின்: அணுவினுள் அடங்கியது பரல்; அதனை உடையது பரலணு; அவ்வணு குன்றுவது பரலணுக் குறைவு; மணிபோன்ற நரம்பணு மணியணு; ஆறும் புண்ணில் எழுவது தளிர்ச்சதை; கிருமியைச் சூழ்ந்து அமைவது அழற்சிமுடிச்சு; உரமும் மருந்தும் குருணை; துகள் பௌதிகத்திற்கே உரியதாகுக. இவற்றினும் நல்ல சொற்களைத் தமிழாசிரியர் கண்டு கூறுவாராயின் அவையே நிலைக்கட்டும். பெயரிடுமுன் பொருளை ஒருமுறை உற்றுநோக்குக என்பதே வேண்டுகோள். சிலம்பை உடைத்துப் பாராமல் தீர்ப்புச் சொன்னதால் விளைந்த கேட்டைத் தமிழ் நன்கறியும்.